இருபதில் நின்ற பியர்

ஒரு சாண் நீளக் கண்ணாடிக் குழாய். அடியில் பாரம், மேலே மெல்லிய கழுத்து, கழுத்துக்குள் சுருட்டி வைத்த கடதாசியில் எண்கள். ஹைட்ரோமீட்டர் என்பார்கள். புளிக்கிற பியரில் மிதக்கவிட்டால் இனிப்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று காட்டும். இனிப்புக் குறையக் குறையக் குழாய் கீழே தாழும். ஆயிரத்து நாற்பத்தைந்தில் தொடங்கி ஆயிரத்துப் பத்துக்கு வந்துவிட்டால் பியர் தயார். நாங்கள் அந்த ஆயிரத்தை விட்டுவிட்டு நாற்பத்தைந்து, பத்து என்றுதான் சொல்வோம். சென்ற மாதம் என் கராஜில், விறைத்த விரல்களோடு, இதை மிதக்கவிட்டேன். இருபதில் நின்றது. மறுநாளும் இருபது. அதற்கு மறுநாளும் இருபது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் இந்தக் குழாய் அத்தானுடையது, அவருக்கும் இது இருபதில்தான் நின்றது.

அத்தான் என் அக்காவின் கணவர். நோர்பரியில் வீடு. வாழ்க்கையின் பாதியை லண்டன் பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கழித்தவர். ஷிப்ட் முடிந்ததும் டிப்போ நண்பர்கள் அவரைப் பக்கத்துப் பப்புக்கு அழைத்துப் போவார்கள். ஒருவருக்குப் பிறந்தநாள், ஒருவருக்குப் பேரப்பிள்ளை என்று யாராவது ஒரு பைன்ட், பெரிய கிளாஸ் நிறையப் பியர், வாங்கி நீட்டுவார்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூட அத்தானின் வீட்டு வாசலை மிதித்ததில்லை. அக்கா முழுச் சைவம். விரத நாள்களில் வெங்காயம்கூட அடுப்படிக்குள் வராது. ஓய்வு பெறும் வருடம் அத்தான் ஒரு முடிவெடுத்தார். ஐந்து பேரை வீட்டுக்குக் கூப்பிடுவது, தன் கையால் செய்த பியரை ஊற்றிக் கொடுப்பது. "இவ்வளவு காலமும் அவங்கட பைன்டைக் குடிச்சிட்டன் தம்பி. ஒருக்காவாவது அவங்கள் என்ர பைன்டைக் குடிக்கோணும்" என்றார். அக்காவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சம்மதித்தாள்.

பியர் புளிக்கிற வாளி பின் அறையில் இருந்தது. முதல் நான்கு நாள் மூடியில் காற்றுப் போகச் செருகிய பிளாஸ்டிக் குழாயில் குமிழிகள் பொளபொளவென்று வந்தன. ஐந்தாம் நாள் ஜனவரிக் குளிர் இறங்கியது. அந்த அறையின் ரேடியேட்டர் பழுது. திருத்த வருகிறேன் என்றவன் வரவேயில்லை. குமிழி நின்றது. அத்தான் வாளியைப் போர்வையால் சுற்றினார், அடியில் சுடுதண்ணீர்ப் பை வைத்தார், புளிக்க வைக்கும் ஈஸ்ட் இன்னொரு பைக்கற் போட்டார், நீளக் கரண்டியால் பக்குவமாகக் கலக்கினார். எதுவும் எடுபடவில்லை. ஒவ்வொரு நாளும் எனக்குப் போன் வரும். "இண்டைக்கும் இருபது. அசையுதில்லை." பஸ் வராத தரிப்பிடத்தில் நிற்கிற பயணியைப் போல எரிச்சலோடு பேசுவார். அவர் ஒரு நாளும் அந்தப் பக்கத்தில் நின்றவரல்லர்.

ஈஸ்டுக்குத் தேவை சூடு. அந்த வீட்டில் இருபத்துநாலு மணி நேரமும் சூடாக இருந்த இடம் ஒன்றே ஒன்று. மாடிப்படி முடிகிற இடத்தில், சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரி. வெள்ளைக்காரர் அதற்குள் துவாய் காயப்போடுவார்கள். அக்காவுக்கு அதுதான் சாமி அறை. மேல் தட்டில் முருகனும் பிள்ளையாரும் லட்சுமியும். கீழே, தாங்கிக்குப் பக்கத்தில், குளிர்காலத்தில் தோசை மாச் சட்டி.

"மூண்டு நாளைக்குத்தான் கேக்கிறன்" என்றார் அத்தான். " மாவும் புளிக்குது, இதுவும் புளிக்குது. மாவை மட்டும் முருகன் பொறுப்பாரோ?"

"மா சாப்பாடு. உது வெறிக்கிற சாமான். உந்தக் கோதாரியைச் சாமிக்குக் கிட்டக் கொண்டராதேங்கோ, சொல்லிப்போட்டன்."

நான் அப்போது அங்கேதான் நின்றேன். சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அத்தான் என் பக்கம் திரும்பி, "தம்பி, உன்ர பிளாட் நல்ல சூடெல்லே? கொண்டுபோய் வைக்க ஏலுமோ?" என்று கேட்டார். அப்போது நான் இருந்த பிளாட் அப்படிச் சூடு. ஜனவரியிலும் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் படுப்பேன். கம்பளத்தில் சிந்தும், மணக்கும், வீட்டுக்காரன் சத்தம் போடுவான் என்று அடுக்கினேன். உண்மை என்னவென்றால், அந்தப் பாரமான வாளியை மூன்று மாடி தூக்கப் பஞ்சிப்பட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டுக் கரைச்சல் கொடுக்கிற ஆளில்லை அவர். அதுவும் எனக்கு இப்போது கோபமாகத்தான் இருக்கிறது.

கூப்பிட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் வந்தார்கள். அக்காவின் கடலை வடையை ஆசையாகச் சாப்பிட்டார்கள். அத்தான் கடையில் வாங்கிய டின்களைத் திறந்து ஊற்றினார். "உன் பியர் எங்கே?" என்று ஒருவர் கேட்டபோது, அடுத்த முறை என்று சிரித்துச் சமாளித்தார். மறுநாள் வாளியைத் தோட்டத்து வடிகாலில் கவிழ்த்தார். நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனிப்பு மணம் வெகுநேரம் போகவில்லை. அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. இரண்டு வருடத்துக்குப் பின் அவருடைய இதயம் நின்றது.

அவருடைய சாமான்களை ஒதுக்கியபோது இந்தக் குழாயையும் வாளியையும் நான் எடுத்து வந்தேன். அதே செய்முறையில் ஒரு முறையாவது சரியாகச் செய்து, அந்த ஐந்து பேரையும் கூப்பிட வேண்டும் என்று மனதுக்குள் ஒரு வீம்பு. வீம்புக்குக் குறைவில்லை, புத்திக்குத்தான் குறைவு. தெரிந்துகொண்டே குளிர்ந்த கராஜில் வைத்தேன். இருபதில் நின்றதும் அக்காவுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "இஞ்ச கொண்டு வா" என்றாள்.

வாளிக்குக் காரில் சீட் பெல்ட் போட்டுக் கொண்டு போனேன். அலுமாரி திறந்திருந்தது. மேல் தட்டு வெறுமை. "சாமியளைக் கீழ, ஹோலுக்க வைச்சிட்டன்" என்றாள் அக்கா. தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு பழைய துவாய் விரித்திருந்தாள். எனக்கு வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன். "இதை அண்டைக்குச் செய்திருக்கலாமே அக்கா?"

"ஓம்" என்றாள். "நீயும் கொண்டுபோய் வைச்சிருக்கலாம்."

நான் வாளியைத் துவாயின் மேல் இறக்கி வைத்தேன்.

மூன்றாம் நாள் போய் மூடியைத் திறந்து குழாயை மிதக்கவிட்டேன். அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். குழாய் ஆடியது, தாழ்ந்தது, பத்தில் நின்றது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு அந்தக் குழாயைச் சுவரில் அடித்து உடைக்க வேண்டும் போலிருந்தது. மூன்று நாள் சூடு. அந்த மனிதர் எங்கள் இருவரிடமும் கேட்டது அவ்வளவுதான்.