முகத்தை மட்டும் மறைத்தேன்

இந்தோனேசிய இளைஞர்கள் என்ன உடுத்துகிறார்கள், எங்கே உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள், எதற்கு ஏங்குகிறார்கள் என்று கம்பெனிகளுக்குக் கண்டுபிடித்துச் சொல்வது என் உத்தியோகம். டெல்லியில் ஜனக்புரி வீட்டில் உட்கார்ந்தபடியே சொல்வேன். அந்த நாட்டை மிதித்தது கிடையாது. அந்தத் திமிருக்குத்தான் ஒரு நாள் அடி கிடைத்தது.

இந்த வேலைக்காக அங்கே பாண்டுங் நகரத்துப் பெண் ஒருத்தியிடம் வாரம் ஒருமுறை வீடியோவில் பேசிவந்தேன். இருபத்துமூன்று வயது. மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளர். அந்த வீட்டில் சம்பளம் கொண்டுவருவது அவள் மட்டும்தான். அங்கே பல பிள்ளைகளைப் போல அவளுக்கும் சமூக வலைத்தளத்தில் இரண்டு கணக்குகள். முதலாவது, உறவினரும் மேலதிகாரியும் பார்ப்பதற்கு: பழைய துணிச் சந்தையில் தேடி எடுத்த சட்டை, காபி, சிரிப்பு. இரண்டாவது பூட்டிய கணக்கு. நெருங்கிய தோழிகளுக்கு மட்டும் அனுமதி. அழுகையும் வசவும் அங்கேதான். ஐந்தாவது வாரம், "அக்கா, நீங்களும் வாங்க" என்று என்னையும் அதில் சேர்த்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அதில் ஒரு படம் வந்தது. பாட்டிக் என்கிற மெழுகுச் சாயத் துணியில் தைத்த சட்டையோடு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தாள். ஆபீசுக்குக் காய்ச்சல் என்று சொல்லியாயிற்று, வீட்டுக்கு ஆபீஸ் என்று சொல்லியாயிற்று, உண்மையில் வேறு வேலைக்கு இன்டர்வியூ என்று கீழே எழுதியிருந்தாள். இதைவிட நல்ல ஸ்லைடு எனக்கு எங்கே கிடைக்கும்? அவளைக் கேட்காமலே எடுத்துப் போட்டேன். பெயரை அழித்து, முகத்தை மங்கலாக்கினேன். யோக்கியமாக நடந்துகொண்டதாக நினைப்பு வேறு.

கிளையன்ட் ஒரு ஜகார்த்தா காபி நிறுவனம். மீட்டிங்கில் அந்த ஸ்லைடைக் காட்டியதும் அவர்களில் ஒருவர் சிரித்தார். எந்த மருத்துவமனையின் சட்டை என்று பெயரோடு சொன்னார். "என் மைத்துனி அங்கேதான் வேலை செய்கிறாள், அவளுக்குக் காட்டுகிறேன்" என்று செல்போனை உயர்த்திப் படம் எடுத்தார்.

எனக்கு பாட்டிக் என்றால் அம்மா சரோஜினி நகர் சந்தையில் பேரம் பேசி வாங்கும் நைட்டி. அங்கே ஆபீசுக்கு ஆபீஸ் தனி டிசைன் உண்டு, பார்த்ததும் ஆள் இன்ன இடம் என்று சொல்லிவிடுவார்கள் என்பது தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன். படம் எடுக்காதீர்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "அடுத்த ஸ்லைடு" என்றேன்.

முடிந்ததும் மேலாளர் போன் செய்தார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"அச்சா பண்ணினே. ஃபைலை ஜல்தி அனுப்பு."

"அந்த ஒரு ஸ்லைடை எடுத்துட்டு அனுப்பறேன் சார்."

"அரே, அவங்களுக்குப் பிடிச்சதே அதுதான். மூஞ்சிதான் தெரியலையே?"

"சட்டை தெரியுது சார். அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்."

"உன் இஷ்டம். கிளையன்ட் கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

ஸ்லைடை நீக்கி அனுப்பினேன். படம் எடுத்தவருக்குத் தனியாக எழுதி, தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். கட்டைவிரல் உயர்த்திய பொம்மை ஒன்று பதிலாக வந்தது. அழித்தாரா, மைத்துனிக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டாரா? அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். "பசிக்கலம்மா" என்றேன். அந்தப் பெண்ணுக்கு எழுதி எழுதி நாலு முறை அழித்தேன். கடைசியில் நடந்ததை ஒளிக்காமல் எழுதி, ஆபீசில் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொள் என்றும் சேர்த்து அனுப்பினேன். உடனே படித்துவிட்டாள். பதில் வர முக்கால் மணி நேரம் ஆனது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பரவாயில்லை அக்கா, உங்கள் வேலையைத்தானே செய்தீர்கள். டெல்லியில் புகை அதிகமாமே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்." கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முதல் கணக்கில் மேலதிகாரியின் பிறந்தநாள் படத்துக்குக் கீழே அவள் இப்படித்தான் எழுதுவாள். பூட்டிய கணக்கைத் திறக்கப் பார்த்தேன், எனக்குத் திறக்கவில்லை. அடுத்த வாரங்களில் வீடியோவில் வந்தாள், கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். வேலை எப்படிப் போகிறது என்றேன். எல்லாம் நன்றாகப் போகிறது அக்கா என்றாள். அந்த வேலை போய்விட்டதா, இருக்கிறதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்கிற இடத்திலிருந்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.