இடது பக்கம் வைக்காத துண்டுகள்

அன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். கணவர் ஆரோக்கியம் காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு நாற்பத்தாறு வயது. கணக்கு டீச்சர்.

ஹெப்பகோடியில் ஃபாக்டரி வேலையில் இருக்கும் என் தம்பி தாஸும் நானும் ஆன்லைனில் ஒரு போர்டு கேம் விளையாடுவோம். சதுரத் துண்டுகளைப் பொருத்தி ஆறும் சாலையும் ஊரும் கட்ட வேண்டும். நேரம் கிடைக்கும்போது ஆளுக்கு ஒரு துண்டு வைத்தால் போதும். அவன் என்னை ஜெயிப்பது அபூர்வம்.

மதியம் ஒரு மணிக்குச் சற்று முன்பு போன் செய்தான். நான் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்திருக்கிறான்.

“அக்கா, இடது பக்கம் ஒரு துண்டு வெச்சா உன் ஊரு முடிஞ்சிடும். ஏன் வைக்க மாட்டேங்கிற?”

“அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையேடா.”

 உடனே அவன் வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு அசையாமல் உட்காரச் சொன்னான். எனக்கு வலி இல்லை, தலைசுற்றல் இல்லை. அவன் பதற்றம் எனக்கு வேடிக்கையாக இருந்தது.

தாஸ் சொல்லி ஆரோக்கியம் ஓடிவந்தபோது நான் சாப்பிட்டு முடித்திருந்தேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வலது பாதி துடைத்ததுபோல் இருந்ததாம். இடது பாதியில் சோறும் பொரியலும் தொடாமல் கிடந்தனவாம்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுவது) என்றார் டாக்டர். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தேன் என்று கேட்டார். ஆரோக்கியத்துக்குத் தெரிந்தது காலை ஏழு மணிதான். அதை வைத்துப் பார்த்தால் நேரம் எப்போதோ கடந்துவிட்டது.

நான் வைத்த ஒவ்வொரு துண்டும் எத்தனை மணிக்கு வைத்தது என்று விளையாட்டில் பதிவாகியிருந்தது. தாஸ் அதைப் படம் எடுத்து அனுப்பினான். பத்து நாற்பதுக்கு இடது ஓரத்தில் ஒன்று வைத்திருக்கிறேன். பதினொன்றேகாலிலிருந்து வைத்தவை எல்லாமே வலது பக்கம். டாக்டர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், ஸ்கேனோடு ஒப்பிட்டார். “போடலாம்” என்றார். அப்போது மணி இரண்டேகால்.

மறுநாள் காலை என் படுக்கையில் ஒரு கை கிடந்தது.

“யாரோ கையை இங்க வெச்சிட்டுப் போயிருக்காங்க. எடுக்கச் சொல்லுங்க” என்றேன்.

“ஸ்டெல்லா, இது உன் இடது கைதான்” என்று ஆரோக்கியம் அதைத் தூக்கிக் காட்டினார். மோதிரம் என்னுடையது. கை என்னுடையதில்லை. என் மோதிரத்தை யாரோ திருடிப் போட்டிருப்பதாகவே நம்பினேன். இரண்டு நாள் அதன் பக்கத்தில் படுக்கப் பயந்தேன்.

இதற்கு நெக்லெக்ட் (கண் நன்றாக இருந்தும், ஒரு பக்கம் இருப்பதையே மூளை கவனிக்காமல் விடுவது) என்று பெயர். பயிற்சி கொடுத்தவர் டேப்லெட்டின் இடது விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டினார். அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தேடிவிட்டுத்தான் துண்டு வைக்க வேண்டும். ஒரு துண்டுக்குப் பத்து நிமிடம்கூட ஆகும். தாஸ் காத்திருந்தான். வேண்டுமென்றே இடது பக்கமாகவே ஊர் கட்டினான். அங்கே போகாமல் எனக்குப் புள்ளி கிடைக்காது.

நாலு மாதத்தில் பள்ளிக்குத் திரும்பினேன். பிறகு ஒருநாள், அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். பதினொன்றேகாலுக்குப் பிறகு பலகையின் இடது பாதியில் தாஸ் மட்டும் தனியாக விளையாடிக்கொண்டிருந்தான். என் நினைவில் இருக்கும் பலகையில் அப்படி ஒரு பாதியே இல்லை. இருட்டோ ஓட்டையோ எதுவும் தெரிந்ததில்லை.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கூட இருப்பவர் ஏதோ சரியில்லை என்று சொன்னால், உங்களுக்கு எல்லாம் சரியாகத் தோன்றினாலும் அவரை நம்புங்கள்.

கை மறுபடி என்னுடையதாகிவிட்டது. ஆனால் இடது பக்கம் எனக்கு இன்னும் தாமதமாகத்தான் வருகிறது. ரோட்டில் முதலில் பஸ்ஸின் சத்தம் வரும், பஸ் பிறகுதான் வரும். எந்த அறைக்குள் போனாலும் தலையை இடது கோடிவரை திருப்பிப் பார்க்கிறேன். பார்த்து முடித்ததும் அறை முழுதாகத் தெரிகிறது. அன்று பாதிப் பலகையும் அப்படித்தான் முழுதாகத் தெரிந்தது.