டொடோனாவில் கேட்டவர்கள்

கணவன் அருள்நேசன் இறந்து ஏழு மாதமாகியும் பெர்னடெற் அழவில்லை. விம்பிள்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக் கொடுத்துவிட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால் சோபாவில் அப்படியே இருப்பாள். ரொறன்ரோவிலிருந்து மகள் அஜித்தா ஞாயிறுதோறும் போன் எடுப்பாள். "ஓம், இருக்கிறன்" என்பதற்குமேல் பேச்சு வராது.

அதைப் பார்த்துப் பொறுக்காமல், அவள் போகும் பங்குக் கோவிலுக்கே வரும் சிநேகிதி இம்மாகுலேற் நூலகத்தில் நடக்கும் ஒரு வகுப்பில் அவளுடைய பெயரைப் பதிந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமைப் பின்னேரம், பழைய கிரேக்க வரலாறு.

"எனக்கு உதெல்லாம் விளங்காதடி."

"விளங்க வேண்டாம். வந்து இரு."

மூன்றாவது வகுப்பு டொடோனாவைப் பற்றியது. வடமேற்குக் கிரேக்கத்தில், மலைகளுக்கு நடுவே இருந்த இடம். தொடக்கத்தில் அங்கே கட்டடமே இல்லை, ஒரு ஓக் மரம்தான். அதன் இலைகள் சலசலக்கும்போது சியூஸ் தெய்வம் பேசுகிறது என்று நம்பினார்கள். பிறகுதான் கோயிலும் மதிலும் பெரிய அரங்கும் வந்தன. ஒரு படை எரித்தது, திரும்பக் கட்டினார்கள். ரோமர்கள் அழித்தார்கள். கிறிஸ்தவம் பரவியபின் கோயிலை மூடினார்கள், மரமும் வெட்டப்பட்டது. வெட்டினது எங்கட வேத ஆக்களோ என்று பெர்னடெற் நினைத்தாள். அதற்கும் மனதில் ஒன்றும் தோன்றவில்லை.

ஆசிரியை, ஓய்வுபெற்ற ஆங்கிலப் பெண், அடுத்த படத்தைச் சுவரில் காட்டினாள். கசங்கிய ஈயத் தகடு. தெய்வத்திடம் குறி கேட்க வந்தவர்கள் தங்கள் கேள்வியை அதில் கீறி மடித்துக் கொடுப்பார்களாம். மனைவி வயிற்றில் இருப்பது என் பிள்ளையா என்று ஒருவன் கேட்டிருந்தான். துணியைத் திருடியது இன்னார்தானா என்று இன்னொருவர்.

"மறுமொழி?" பெர்னடெற் அந்த வகுப்பில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"மறுமொழி எழுதின தகடு மிகக் குறைவு. வாயால் சொல்லியிருப்பார்கள்" என்றாள் ஆசிரியை. பிறகு எல்லோருக்கும் துண்டுத் தாள் கொடுத்து, ஆளுக்கொரு கேள்வி எழுதச் சொன்னாள்.

பெர்னடெற் தமிழில் எழுதினாள்: 'அஜித்தா வரும்வரைக்கும் நான் பொறுத்திருந்திருக்க வேணுமோ?'

அருள்நேசன் இறந்த அன்று அவருடைய மூச்சு மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. இனிப் பலனில்லை, நிறுத்தலாமா என்று டொக்ரர் கேட்டார். மகளின் விமானம் இறங்க ஆறு மணித்தியாலம் இருந்தது. பெர்னடெற் "ஓம்" என்று தலையாட்டிவிட்டாள். தான் வந்துகொண்டிருக்கும்போதே அப்பா தானாகப் போய்விட்டார் என்று மட்டும்தான் அஜித்தாவுக்குத் தெரியும்.

வகுப்பால் வந்ததும், ஞாயிறு வரும்வரை பொறுக்காமல் மகளுக்குப் போன் எடுத்து, மெஷினை நிறுத்த ஓம் என்றது தான்தான் என்று சொன்னாள்.

"நான் வந்துகொண்டிருக்கிறன் எண்டு டொக்ரருக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"ஏன் அம்மா?"

"தெரியேல்லை, பிள்ளை. களைச்சுப் போனன்."

அஜித்தா போனை வைத்துவிட்டாள். பெர்னடெற் எழும்பிப் போய் அரிசி கழுவினாள்.

இரண்டு ஞாயிறு போன் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தது. அஜித்தா பனி கொட்டுகிறது என்றாள், காருக்கு ரயர் மாற்ற வேண்டும் என்றாள். பிறகு கேட்டாள்.

"அப்பாவுக்குப் பக்கத்தில ஆர் இருந்தது?"

"நான்தான். கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

மகள் அழத் தொடங்கினாள். பெர்னடெற்றுக்கு அப்போதும் கண்ணீர் வரவில்லை. போனை வைக்காமல், மகள் அழுது முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.