பல்லக்கா தேடிய பல்

பல்லக்கா இதுவரை செய்த பற்களை ஒன்றாகக் கொட்டினால் ஒரு வாளி நிறைந்துவிடும். இருபத்திரண்டு வருடமாகப் பல் செய்கிற லேபில் அதே நாற்காலி, அதே மெல்லிய தூரிகை. உடைந்த பல்லுக்கு மேலே மாட்டுகிற கேப் செய்வதுதான் அவள் வேலை. டாக்டர்கள் பல்லின் அச்சையும், நிறத்தின் எண் எழுதிய சீட்டையும் அனுப்புவார்கள். இவள் பீங்கான் மாவைக் குழைத்துப் பூசி, உலையில் சுட்டு, டப்பாவில் போட்டு அனுப்பிவிடுவாள். தான் செய்த பல் ஒன்றையாவது ஒரு வாயில் பார்த்தாளா என்றால், கிடையாது. “யாராவது சிரிச்சா உத்து உத்துப் பாக்காத, தப்பா நினைக்கப் போறாங்க” என்று பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவள் கேட்டால்தானே?

அப்படிப்பட்டவள் செய்த முன்பல் ஒன்று இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும், சரி. ஒரே இடத்தில் இரண்டு தடவையா? சீட்டில் இருந்த நிறமும் கேப்பின் நிறமும் துளி பிசகவில்லை. ஆனால் வாயில் வைத்ததும் வெளுத்துப் பல்லிளிக்கிறதாம். அது ஒரு விளையாட்டு டீச்சரின் பல். பந்து பட்டு பாதி போய்விட்டது. மறுநாள் காலை பள்ளி விழா மேடையில் அவர்தான் பேச வேண்டும். இரண்டு மாதமாகக் கையால் வாயை மூடிக்கொண்டே பேசுகிறவர்.

“நானே போய் அந்த வாயைப் பாத்துட்டு வரேன்” என்று பல்லக்கா எழுந்தாள். லேபிலிருந்து ஒருத்தி கிளினிக்குக்குப் போனதாகச் சரித்திரமே இல்லை. முதலாளி சுதாரிப்பதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். நிறம் பார்க்கிற மாதிரிப் பற்கள் கைப்பைக்குள் கலகலத்தன.

டாக்டர் சின்ன வயதுப் பெண், தொழிலுக்குப் புதிது. நாற்காலியில் சாய்ந்திருந்த டீச்சரின் வாயில் கேப்பை வைத்துக் காட்டினாள். வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நின்றது. பல்லக்காவுக்கு அவமானமாக இருந்தது. பக்கத்துப் பல்லோடு மாதிரிகளை வைத்துப் பார்த்து, பொருந்திய எண்ணைக் குறித்துக்கொண்டாள். அதற்குள் டாக்டர், கடிக்கும்போது இடிக்கிற இடத்தைச் சரிசெய்யலாம் என்று டீச்சரின் வாயைத் திறந்தே வைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டி, கால் மணி நேரம் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். பல்லக்கா மறுபடி குனிந்தாள்.

கேப்பின் நிறம் அச்சு அசலாகப் பொருந்தியிருந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். மாறியது கேப் இல்லை, பக்கத்துப் பற்கள். காய்ந்த பல் வெளுத்துத் தெரியும் என்று படிக்கிற காலத்தில் காதில் விழுந்ததுண்டு. கண்ணால் பார்ப்பது இப்போதுதான்.

“டாக்டர், நிறத்தை எப்போ எழுதினீங்க? பல்லை ராவுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“எல்லாம் முடிச்சப்புறம்தான். ஏன்க்கா?”

“ரெண்டு தடவையும் கடைசியிலயா?”

“ஆமாக்கா.”

“அப்போ நீங்க காஞ்ச பல்லோட நிறத்தை எழுதியிருக்கீங்க. நானும் காஞ்ச பல்லைத்தான் செஞ்சு குடுத்திருக்கேன்.”

டாக்டரின் காது சிவந்துவிட்டது. வாயைத் திறந்தபடியே டீச்சர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கேப்பை எடுத்துக்கொண்டு, கால் தரையில் பாவாமல் பல்லக்கா லேபுக்குத் திரும்பினாள். மேல் பூச்சைத் தேய்த்தெடுத்தாள். ஈறோரம் கொஞ்சம் தேன் நிறம், நுனியில் கண்ணாடி போல ஒரு கீற்று. இந்தத் தடவை சீட்டைப் பார்க்கவில்லை. அந்த வாய் அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது. உலை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கேப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்றைக்கு விட்டால் அந்த டீச்சர் மேடையிலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் நிற்பார்.

மாலை ஆறு மணிக்குக் கேப்பை ஒட்டினார்கள். டீச்சர் எழுந்து சுவர்க்கண்ணாடி முன் நின்றார். பழக்கத்தில் கை வாயருகே போனது. பாதியில் நின்றது. பிறகு பல் முழுவதும் தெரியச் சிரித்தார்.

பல்லக்கா அவருக்குப் பின்னால் எக்கி நின்று கண்ணாடியைப் பார்த்தாள்.

“எப்படிக்கா இருக்கு உங்க பல்லு?” என்றாள் டாக்டர்.

“கொஞ்சம் இருங்க டாக்டர்” என்றாள் பல்லக்கா. “எதுன்னு தேடிக்கிட்டிருக்கேன்.”