மாமா வாங்கி வந்த சிப்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லவிதமாக நாலு வரி எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். கூடவே, நம் குடும்பத்தில் நெடுநாள் உலவிய ஒரு பொய்யையும் திருத்திவிடுகிறேன்.

அண்ணன் வெண்ணந்தூரில் நெசவுக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். பள்ளியில் படிக்கும்போதே அப்பா காலமாகிவிட, அவருடைய தறியில் அண்ணன் உட்கார்ந்தார். பிறகு தபாலில் ரேடியோ ரிப்பேர் படித்து, ராசிபுரத்தில் சிறு கடை வைத்தார். அந்தக் கடைதான் எங்களை ஆளாக்கியது.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மைக்ரோபிராசசர் சிப்பை நடுவில் வைத்துத் தாமே கம்ப்யூட்டர் செய்ய அண்ணன் திட்டம் போட்டார். உறவினர் விடுவார்களா? "ஏனுங்க மாப்ள, அது பால் கறக்குமுங்களா?" என்று கேட்டார் ஒருவர். "கறக்காதுங்க. கறந்தத கூட்டிச் சொல்லுமுங்க" என்றார் அண்ணன், சிரிக்காமல்.

இரண்டு வருடம் திட்டம் மட்டுமே நடந்தது. எந்தக் கம்பி சிப்பின் எந்தக் காலுக்குப் போக வேண்டும் என்று சேலை டிசைன் போடும் கட்டத்தாளில் பென்சிலால் வரைவார். அதை மையில் படியெடுப்பது என் வேலை. அந்தப் படியைப் பார்த்துத்தான் அவர் கம்பிகளைப் பற்றவைப்பார். சிப்பைச் சென்னையிலிருந்து எங்கள் தாய்மாமா வாங்கி வந்தார். துணியில் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாராம்.

சிப்பைப் பொருத்தி மின்சாரம் கொடுத்ததும் அது சுட்டது. கருகிய வாடை வந்தது. அண்ணன் பலகையையும் என் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சிப்பு வரும்போதே பழுதுங்க" என்றார். அன்றிலிருந்து மாமாவுக்கு விடிவே இல்லை. கத்தரிக்காய் வாங்கி வந்தால்கூட, "பாத்து வாங்கினீங்களா மாமா?" என்று கேட்போம். நான்தான் அதிகம் கேட்டேன்.

மறு வருடம் அண்ணன் இன்னொரு சிப் வாங்கினார். படியெடுக்க என்னையே கூப்பிட்டார். "இந்தத் தடவ திருப்பாம, அப்படியே வரஞ்சு குடு அம்மிணி" என்றார். கொடுத்தேன். அது வேலை செய்தது. சிவப்பு எண்கள் ஒளிர்ந்தபோது அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் மாத்திரை அட்டையின் பின்புறம் கோடு போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இந்த மலருக்குப் படம் தேடியபோது நான் படியெடுத்த அந்த முதல் தாள் கிடைத்தது. எங்கள் தறியில் சேலையின் உள்பக்கம்தான் மேலே தெரியும். அதனால் டிசைனை இடம்வலமாகத் திருப்பி வரைவது எங்கள் கைப்பழக்கம். கம்பிகளைப் பலகையின் அடியில் பற்றவைக்க வேண்டும் என்பதால் அண்ணன் முன்பே திருப்பி வரைந்திருக்கிறார். அது தெரியாமல் நானும் பழக்கதோஷத்தில் ஒருமுறை திருப்பியிருக்கிறேன். படம் பழையபடியே ஆகி, கம்பிகள் கால் மாறிப்போய், சிப் கருகியிருக்கிறது. தாளின் ஓரத்தில் அவர் கையெழுத்தில் ஒரு குறிப்பு: "இரண்டு பேரும் திருப்பிவிட்டோம். சிப் நல்ல சிப்."

தாளை எடுத்துக்கொண்டு மாமாவிடம் ஓடினேன். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "அன்னிக்கே எங்கிட்டச் சொல்லீட்டான் சாமி. உனக்குத் தெரிஞ்சா அழுவீன்னு ரெண்டு பேரும் பேசாம உட்டுட்டோம்" என்றார்.

அழத்தான் செய்தேன்.

அண்ணனின் நோயில் துணை நின்ற மருத்துவர்களுக்கும், இரத்தம் கொடுத்த கடைத்தெரு நண்பர்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவுக்கு மட்டும் நான் தனியாகச் சொல்ல வேண்டும்: நீங்கள் நல்ல சிப்தான் வாங்கி வந்தீர்கள், மாமா.