எஞ்சின் இல்லாதவை மட்டும் உள்ளே

வாகனமே இல்லாத பாதையில் சைக்கிள் பயணம் என்று விளம்பரம் செய்து பிழைக்கிறவனுக்கு முதல் தொல்லை, வாடிக்கையாளர்கள் வாகனத்தில் வந்து இறங்குவதுதான். பள்ளி பஸ் ஓட்டுகிறவர்களுக்கும் கோயில் யாத்திரைக்கு ஆள் சேர்க்கிறவர்களுக்கும் நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. ஆள்களைக் கொண்டுபோக வேண்டும், குறையாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும், நடுவில் அவர்கள் சந்தோஷமாகவும் இருக்க வேண்டும்.

இருபத்து மூன்று ஆண்டுகள் மலேசியத் தமிழ் நாளிதழ் ஒன்றுக்கு ஜொகூர் நிருபராக இருந்தேன். விபத்து, வெள்ளம், கோயில் பொதுக்கூட்டத்தில் நாற்காலி பறந்தது எல்லாம் எழுதியாயிற்று. வேலையை விட்டதும் சேமிப்பில் பத்து சைக்கிள் வாங்கி, பாலோ என்ற சிற்றூரில் ஒரு கடைவீட்டில் நிறுத்தினேன். என் மனைவி கமலா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சைக்கிள்களைப் பார்த்துவிட்டு, “வரிசையா நிக்குது, பேசாம இருக்குது, என் கிளாஸை விட நல்லாயிருக்கு,” என்றாள்.

கேட்

பாலோவுக்கு வெளியே, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. அதன் கேட்டுக்குள் நுழைந்தால் மேடும் பள்ளமுமாகச் செம்மண் பாதை, அப்புறம் காட்டோரம், அப்புறம் ஆற்றுப் பள்ளத்தாக்கும் ஒரு தொங்குபாலமும். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து லாரிகள் ஷெட்டில் பூட்டிக் கிடக்கும். மிச்சமிருக்கும் பழக்குலைகளை ஏற்றிவரும் எருமை வண்டிகள் தவிர வேறு எதுவும் ஓடாது. இந்த கேட் இல்லையென்றால் எனக்கு இருப்பது பெரிய சாலை மட்டும்தான். அங்கே பலகை ஏற்றிப் போகும் லாரிகளுக்கு நடுவே ஆறு பேரைச் சைக்கிளில் கூட்டிப்போனால், என் பழைய அலுவலகத்துக்கு நானே செய்தியாகப் போய்ச் சேருவேன்.

தோட்ட மேனேஜர் ஓராண்டு சோதனையாக அனுமதிக் கடிதம் கொடுத்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று: பயணத்தைச் சேர்ந்த மோட்டார் வாகனம் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அன்றோடு ரத்து. வேனில் வந்து பழக்குலை திருடுகிறவர்களால் வந்த வினை. கேட்டில் ஜாகா, அதாவது காவல்காரர், சின்னப்பன் அண்ணன். அறுபதைத் தாண்டியவர். உள்ளே போவது, வெளியே வருவது எதுவானாலும் நீல அட்டை போட்ட புத்தகத்தில் எழுதுவார். மாதக் கடைசியில் மேனேஜர் அதைப் படிப்பார். முதல் நாளே என் கடிதத்தை இரண்டு முறை உரக்கப் படித்துவிட்டுச் சொன்னார்: “ரிப்போர்ட்டர், நீங்க எழுதினதுல மறுநாள் மீன் சுத்துவாங்க. நான் எழுதினா மேனேஜர் படிப்பாரு.”

பின்னால் வந்த தோசை

தம்போயிலிருந்து குணசேகரன் வந்தார். சிங்கப்பூரில் வேலை. தினமும் விடியுமுன் எல்லைப் பாலத்து நெரிசலில் நிற்கிறவர். வாரத்தில் ஒரு நாளாவது வண்டி இல்லாத இடத்தில் இருக்க ஆசைப்பட்டார். அவரை இறக்கிவிட்ட வேனில் மனைவி, மாமியார், மூன்று அடுக்குப் பாத்திரம். வேன் கிளம்பவில்லை. “அவருக்கு பத்து மணிக்கு ஏதாச்சும் உள்ள போகலன்னா தலை சுத்தும். நாங்க பின்னாலயே மெதுவா வர்றோம், ஒண்ணும் தொந்தரவு இல்ல லா,” என்றார் மனைவி.

சின்னப்பன் அண்ணன் கேட்டை விட்டு அசையவில்லை. பேச்சு முக்கால் மணி நேரம் நடந்தது. முடிவில், பாத்திரத்திலிருந்த தோசை அத்தனையையும் கேட்டோரமே உட்கார்ந்து எல்லோரும் தின்று தீர்த்தோம், ஜாகா உட்பட. அதற்கப்புறம் மேடு ஏறும் எண்ணம் யாருக்கும் வரவில்லை. அந்த வாக்குவாதத்தில் மாமியார் சொன்னதை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்: “தம்பி, இத வேன்னு ஏன் பாக்கிறீங்க, சாப்பாடுன்னு பாருங்க.”

நாற்சந்தி

அதே குணசேகரன், அடுத்த ஞாயிறு. தோட்டத்துக்குள் நான்கு செம்மண் பாதைகள் சந்திக்கும் இடத்தில் அவர் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, இடது வலது பார்த்தார். எந்தப் பக்கமும் ஒரு கோழிகூட இல்லை. அப்படியே நின்றார். மற்றவர்கள் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான் திரும்பி வந்து என்ன விஷயம் என்று கேட்டேன்.

கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: “முன்னால யாருமே இல்லண்ணே. வரிசை இல்லாம போனா, எங்கயோ தப்பான லேன்ல வந்துட்ட மாதிரி இருக்கு.”

பாட்டரி

ஜொகூர் பாருவிலிருந்து ஓர் இளம் பொறியாளர் மின்சார சைக்கிளோடு வந்தார். பார்க்கச் சைக்கிள்தான், வயிற்றில் மட்டும் பாட்டரி. இது மோட்டார் வாகனமா இல்லையா என்று சின்னப்பன் அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என் அனுமதிக் கடிதத்தின் கதி அந்தச் சைக்கிளின் வயிற்றில் இருந்தது. சத்தம் வராது, புகை வராது என்று பொறியாளர் விளக்கினார். “பேயும் அப்படித்தான்,” என்றார் அண்ணன்.

கடைசியில் பாட்டரியைக் கழற்றிக் காவல் கொட்டகையில் வைத்துவிட்டு, அந்தக் கனத்தை மிதித்தே ஓட்டலாம் என்று தீர்ப்பானது. பொறியாளர் முதல் மேட்டை அண்ணாந்து பார்த்தார். பாட்டரியை வாங்கி மேசைக்கடியில் வைத்தபடி அண்ணன் சொன்னார்: “பத்திரமா இருக்கும். திரும்பி வந்தீங்கன்னா கேட்டு வாங்கிக்கிங்க.”

சிகாமட்டிலிருந்து ஒரு தலைமையாசிரியை

ராசமணி அக்கா அறுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, யாழ்ப்பாணப் பூர்வீகம். முதல் மேட்டிலேயே நான் காட்டின் வரலாறு சொல்லிக்கொண்டு ஏறினேன். அவர் மூச்சு வாங்காமல் என்னைத் தாண்டும்போது, “தம்பி, கதைக்கிறதை விட்டீரெண்டால் நீரும் ஏறுவீர்,” என்றார். அன்றிலிருந்து மேடுகளில் நான் மௌனம்.

ஆற்றங்கரையில் அவர் பையிலிருந்து ஒரு மிதவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டபோது, எல்லோரும் சிரித்தார்கள். கணுக்கால் நனையும் தண்ணீர். எங்கள் விளம்பரத்தில் ‘ஆற்றுப் பள்ளத்தாக்கு’ என்று இருந்ததாம். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, கொக்கியை மாட்டியபடி சொன்னார்: “ஆத்தைத் தேடிப் போய்ப் பாக்கிற ஆள் சிகாமட்டிலை நான் ஒருத்திதான். மற்றவைக்கு ஒவ்வொரு மழைக்கும் ஆறு வீட்டுக்கே வரும்.”

ஒரு குவியல்

காட்டோரத்தில் ஒரு நாள், பாதை நடுவே ஆவி பறக்கும் யானைச் சாணம். ஆவி பறந்தால் யானை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஆறு பேரையும் திருப்பிக்கொண்டு, வாழ்நாளில் ஓட்டாத வேகத்தில் கேட்டுக்கு வந்தோம். சின்னப்பன் அண்ணன் விவரம் கேட்டு எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார்: “யானை ஒன்று. எஞ்சின் இல்லை. போகலாம்.”

திறக்கவா

ஓராண்டு முடியும் கடைசி ஞாயிறு. செவ்வாய்க்கிழமை மேனேஜர் நீலப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, அனுமதியைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். அதுவரை புத்தகத்தில் ஒரு கறையும் இல்லை. ஆறு பேரோடு போனேன். ராசமணி அக்கா இரண்டாம் தடவையாக வந்திருந்தார். கேட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே, இறக்கத்தில் எப்படி வளைய வேண்டும் என்று செய்து காட்டினேன். செய்து காட்டியதில் சைக்கிள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். கணுக்கால் பலாக்காயாக வீங்கியது. நல்லவேளை, போன் லைன் கிடைக்கும் ஒரே மேடு அதுதான். கமலாவைக் கூப்பிட்டேன். இருபது நிமிடத்தில் எங்கள் காரோடு கேட்டில் நின்றாள். சின்னப்பன் அண்ணன் போன் செய்தார்.

“ரிப்போர்ட்டர், டீச்சர் வந்திருக்காங்க. ஏசுறாங்க. திறக்கவா?”

“திறந்தா எழுதுவீங்களா?”

“எழுதித்தான் ஆகணும்.”

“இந்த ஒரு தடவ எழுதாம விட முடியாதாண்ணே?”

“நீங்க பேப்பர்ல இருந்தப்போ, எழுதாதீங்கன்னு யாராச்சும் வந்து கேட்டிருக்காங்களா?”

“கேக்காத ஆளே இல்ல.”

“என்ன பண்ணீங்க?”

வீங்கிய காலைப் பார்த்தேன். சுற்றி நின்ற ஆறு பேரையும் பார்த்தேன். “திறக்காதீங்கண்ணே,” என்றேன்.

போன் கமலா கைக்கு மாறியது. “ஏங்க, எலும்பு உடைஞ்சிருக்கா?”

“இல்ல. விரலெல்லாம் அசையுது. வீக்கம்தான்.”

“தலையில அடியா?”

“தலைக்கு ஒண்ணும் இல்ல.”

“அதுல உடையறதுக்கு என்ன இருக்கு,” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அரை மணி நேரத்தில், கேட்டுக்குப் போகும் எருமை வண்டி ஒன்று அந்த வழியாக வந்தது. ஓட்டி வந்தவர் சுகெங், ஜாவாக்காரர். என் காலைப் பார்த்தார், வண்டியிலிருந்த பழக்குலைகளைப் பார்த்தார். “நாயெக் லா, பாங்,” என்று குலைகளின் மேல் கையைத் தட்டி ஏறச் சொன்னார். செம்பனைக் குலையில் முள் உண்டு என்பதை அதுவரை எழுத்தில் மட்டுமே அறிந்திருந்தேன். ஏழு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆனது. பாதை குறுகல், வண்டியை முந்த இடமில்லாமல் ஆறு சைக்கிளும் பின்னால் ஊர்ந்தன. ஒருவர் பொறுமையிழந்து மணியடித்தார். அந்தப் பாதையில் ஓராண்டில் நடந்த ஒரே போக்குவரத்து நெரிசல் அது. என் சைக்கிளைத் தன் சைக்கிளோடு சேர்த்துப் பிடித்துத் தள்ளியபடி பக்கத்தில் நடந்துவந்த ராசமணி அக்கா, “இப்ப கதையும் தம்பி, மேடு ஏறுறது நீர் இல்லைத்தானே,” என்றார்.

கேட்டில் கமலா என் முதுகிலிருந்து முள் எடுப்பதிலேயே இருந்தாள். சின்னப்பன் அண்ணன் வெகுநேரம் எழுதினார். அடுத்த வாரம் கடிதம் வந்தது: இன்னும் ஓராண்டு, அதே நிபந்தனை. தாங்கு கட்டையோடு போய்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். “எருமை வண்டி ஒன்று. எஞ்சின் இல்லை. வெளியே: பழக்குலை பன்னிரண்டு, ரிப்போர்ட்டர் ஒன்று. கார் ஒன்று வந்தது, திட்டியது, உள்ளே வரவில்லை.” இருபத்து மூன்று ஆண்டில் இத்தனை சுருக்கமாக நான் ஒரு செய்தி எழுதியதில்லை என்றேன். அண்ணன் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “மேனேஜர் ரெண்டு தடவ படிச்சாரு, ரிப்போர்ட்டர். உங்க செய்திய எவனாச்சும் ரெண்டு தடவ படிச்சிருக்கானா?”

ஓராண்டாக ஊருக்கெல்லாம் நான் விற்றுக்கொண்டிருந்த வாகனமில்லாப் பயணத்தை, ஒரு மேடும் மிதிக்காமல் முழுசாக அனுபவித்தது முள்ளின் மேல் உட்கார்ந்த அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.