பங்கேற்பாளர் விலகினார்

நான் படித்தது இசை, அதிலும் ட்யூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியம். ட்யூபாக்காரனுக்கு வாசிப்பதைவிட வாசிக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் அதிக வேலை. ஆனர்ஸ் ஆண்டில் அதையே ஆய்வாக எடுத்துக்கொண்டேன்: சும்மா இருக்கும் நேரத்தில் வாத்தியக்காரர்கள் தாள வட்டங்களை எப்படி எண்ணுகிறார்கள்? முதல் வகுப்பு வாங்கினால் முனைவர் படிப்புக்கு உதவித்தொகை உண்டு என்றார் பேராசிரியை. அன்றிலிருந்து என் கால் தரையில் படவில்லை.

அடிலெய்டிலிருந்து இரண்டு மணி நேரம் போனால் ஒரு பழைய செம்புச் சுரங்க ஊர். அந்த ஊர் பேண்டில் நெவில் ட்ரெஜென்சாவைப் பிடித்தேன். தொழில், குழாய் ரிப்பேர். இருபத்தாறு வருஷமாகப் பேண்டில் ஜால்ரா போடுபவர். பேண்ட் மாஸ்டர் உட்பட யாருக்கும் ஜால்ரா போடாதவர். போட்டிக்குத் தயாரான உருப்படியில் அவருக்கு எழுபத்திரண்டு வட்டம் வேலை கிடையாது. அடுத்த வட்டத்தில், பெரிய பித்தளைத் தட்டுகளால் ஒரே ஓர் அடி.

"எப்படி எண்ணுறீங்க, நெவில்?"

"நான் எங்க எண்ணுறேன்? டோரீன் கார்னெட்டைத் தூக்குறதுக்கு முன்னாடி மூக்கை உறிஞ்சுவா. அடுத்த வட்டம் என்னோடது."

"எனக்குச் சளி பிடிச்சா மொத்த பேண்டும் கவுந்துடும்" என்றாள் முன்வரிசையில் அந்தச் சின்ன ஊதுகுழலோடு இருந்த டோரீன்.

என் படிப்பு இதைப் பொறுக்கவில்லை. நெவிலுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தேன். விரலை மடக்கி, நான்கு நான்காக, மூன்று வாரம். "இது எதுக்குப்பா?" என்று அலுத்துக்கொண்டவரிடம் விஞ்ஞானம் என்றேன்.

போட்டியன்று காலையில், உருப்படி நீளம் என்று மாஸ்டர், நெவில் காத்திருக்கும் பகுதியில் நான்கு வட்டங்களை வெட்டினார். நெவிலும் பென்சிலால் குறித்துக்கொண்டார். ஆனால் மேடையில் அவர் விரல்கள் பழகியபடி எழுபத்திரண்டு வரைக்கும் போயின. டோரீன் உறிஞ்சியது காதில் விழுந்ததாம். விரல் இன்னும் பாக்கி என்று காத்திருந்தாராம். கார்னெட்டுகள் அடங்கி, சபையே மூச்சைப் பிடித்துக் கேட்ட மெல்லிய இடத்தில் தகரக்கூரை சரிந்தது போல விழுந்தது அடி. அரங்கமே சிரித்தது. நெவில் தட்டுகளை உறையில் போட்டு, பேண்ட் அறைச் சாவியையும் மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்தான், திரும்ப வரவில்லை.

ஆய்வேட்டில் நான் எழுதியது இரண்டே வார்த்தை: 'பங்கேற்பாளர் விலகினார்.'

வரைவைப் பங்கேற்பாளரிடம் காட்ட வேண்டும் என்பது விதி. தன் ரிப்பேர் வேனில் உட்கார்ந்து, இறைச்சி அடைத்த பாஸ்டியைத் தின்றபடி நெவில் படித்தார்.

"விலகினாரா? நடுவுல ஒரு 'க்' விட்டுப்போச்சு தம்பி. விலக்கினார்னு போடு. யாரு யாரை விலக்கினாங்கன்னும் போடு."

"அப்படிப் போட்டா முதல் வகுப்பு போயிடும், நெவில்."

"எனக்கு இருபத்தாறு வருஷம் போச்சு."

அவர் கத்தியிருந்தால் தேவலை. வெட்கமாக இருந்தது. அன்றிரவே திருத்தினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் ஒன்பது நாள் அந்த 'க்'கைப் போடாமல் மழுப்பினேன். உதவித்தொகையை நினைத்தால் கை வரவில்லை. நெவிலை நினைத்தால் தூக்கம் வரவில்லை. ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய கடைசி நாளில் அந்த எழுத்தைப் போட்டேன். கூடவே, நான் செய்தது என்ன என்று ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அதை அச்செடுத்து நெவில் வீட்டுத் தபால்பெட்டியிலும் போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாம் வகுப்பு கிடைத்தது. உதவித்தொகை, மூச்சு விடுவதைப் பற்றி எழுதிய புல்லாங்குழல்காரிக்குப் போனது.

அடுத்த வியாழக்கிழமை ஒத்திகைக்குப் போனால், தட்டுகளுடன் நெவில்.

"என்ன வகுப்பு?"

"ரெண்டாவது."

கண்ணில் நீர் வரச் சிரித்தார். "போதும்யா, ஆரம்பிக்கப் போறாங்க" என்று டோரீன் அதட்ட வேண்டியதாயிற்று.

நான் பின்வரிசையில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் விரலை மடக்கி எண்ணினேன். அறுபத்தாறா, அறுபத்தேழா என்று குழம்பிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையில் டோரீன் மூக்கை உறிஞ்சினாள்; அடுத்த வட்டத்தில் அடி விழுந்தது. நான் நாற்காலியிலிருந்து துள்ளி விழுந்தேன்.